மணப்பெண்ணின் வயதைக் கேட்ட அச்சாபீஸ்

என் அருமை அண்ணனுக்கு, தங்கை கோமதி எழுதுவது.

நீங்கள் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. இத்தனை நாள் எழுதாமல் இருந்தது மறதியால் இல்லை, அண்ணே. உங்களிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குத் துணிச்சல் வரவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, மிஷின் ஓய்ந்திருக்கிறது, வெளியே சாரல். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஊர்ச் செய்தி. சீசன் இந்த வருஷம் நன்றாக இருக்கிறது. யுத்தத்தால் பெட்ரோல் கிடையாது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ் கரியடுப்பில் ஓடுகிறது. மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளுகிறார்கள். குளிக்கப் போகிறவர்கள் முகமெல்லாம் கரியோடு போய் நிற்கிறார்கள். அருவிக்கு இப்போதுதான் சரியான வேலை. காகிதத்துக்குப் பெரிய தட்டுப்பாடு. ஆனாலும் நம் அச்சாபீஸ் நடக்கிறது. அதைத்தான் நீங்கள் முதலில் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒன்பது வயதில் கல்யாணம். பன்னிரண்டு வயதில் எல்லாம் முடிந்துபோனது. புகுந்த வீட்டில் என்னைச் சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். நீங்கள் தென்காசியில் சொந்தமாக அச்சாபீஸ் வைத்ததும் முதல் காரியமாக வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். முன்பக்கம் நீங்கள் நிற்பீர்கள். சாக்குத் தடுப்புக்குப் பின்னால் நான் உட்கார்ந்து எழுத்துக் கோப்பேன். வருகிறவர்களுக்கு என் முகம் தெரியாது. எனக்கு எல்லோருடைய குரலும் தெரியும்.

அப்படித்தான் அந்தப் பண்ணையார் பேச்சும் என் காதில் விழுந்தது.

பதினாலு வயதுக்குக் கீழே பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்ட சமயம் அது. நடைமுறைக்கு வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தைக்கும் மாசிக்கும் ஊர் ஊராகப் பந்தல் போட்டார்கள். எல்லா அச்சாபீஸிலும் கூட்டம். நம்மிடம் வழக்கமாக வருகிற அந்தப் பண்ணையார் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார்.

“பொண்ணுக்கு என்ன வயசு அண்ணாச்சி?” என்று கேட்டீர்கள்.

“பத்திரிகையில வயசு போடுத வழக்கம் உண்டா வே?”

“போடுததுக்கு இல்ல. எனக்குத் தெரியணும்.”

“பத்து முடிஞ்சிட்டு. எதுக்குக் கேக்கீரு?”

“அப்பம் என்னால அடிக்க முடியாது. மன்னிச்சிருங்க.”

பண்ணையார் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்திருப்பார். “சட்டம் வாரதுக்கு இன்னும் நாளு கெடக்கு வே. உம்மள ஒருத்தனும் பிடிச்சுக்கிட்டுப் போக மாட்டாம்.”

“சட்டத்துக்காகச் சொல்லல அண்ணாச்சி.” என்றீர்கள். “என் தங்கச்சி கல்யாணப் பத்திரிகைய நான்தான் அச்சுக் கோத்தேன். திருநெவேலியில வேல பாத்தப்பம். அவளுக்கு ஒம்போது வயசு. சுத்திப் பூ பார்டர் வச்சு, ரெண்டு கலர்ல அடிச்சேன். நல்லா வந்திருக்குன்னு கண்ட பேருகிட்டயெல்லாம் காட்டுனேன். அந்தக் கையால இனிமே முடியாது.”

தடுப்புக்குப் பின்னால் என் கை நின்றுபோனது. என் பத்திரிகையை நான் பார்த்ததே இல்லை. அதை நீங்கள்தான் கோத்தீர்கள் என்று யாரும் எனக்குச் சொன்னதும் இல்லை. என்னோடு பேசும்போதெல்லாம் உங்கள் பார்வை ஏன் தரைக்குப் போகும் என்று அன்றைக்குத்தான் விளங்கிற்று. உங்களை நான் ஒரு நாளும் குறையாக நினைத்ததில்லையே அண்ணே. உங்களுக்கும் அப்போது மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. இதை அன்றே தடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்து உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லாமல் இருந்தேன்?

பண்ணையார் பத்திரிகையைத் திருநெல்வேலியில் அடித்துக்கொண்டார். அவரோடு நம்முடைய பாதி வேலையும் போயிற்று. கல்யாண வேலை கேட்டு வந்தவர்களில் பத்துக்கு ஆறு பேரை நீங்களே திருப்பி அனுப்பினீர்கள். மதினி அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஊர்ல உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் நீங்களா தகப்பன்?”

“இல்ல. அச்சடிக்கவன்,” என்றீர்கள்.

அதற்கு மேல் நீங்கள் விளக்கம் சொன்னதில்லை. குற்றாலத்து விடுதிக்காரர்களுக்கு நோட்டீஸ் அடித்தீர்கள். தைலப் புட்டிக்கு லேபிள் அடித்தீர்கள். கடையநல்லூரிலிருந்து ஜவுளிக்கார சாயபு ஒருவர் வந்தார், நினைவிருக்கிறதா? துணிக்கட்டுகளுக்கு ஒட்டுகிற லேபிள் முழுவதையும் உங்களிடமே தந்தார். “ஒரு வேலைய மாட்டேம்னு சொல்லத் தெரிஞ்சவன், செய்தேம்னு சொன்ன வேலைய ஒழுங்காச் செய்வாம்” என்றார். அன்று சாயங்காலம் நீங்கள் மதினிக்கு அல்வா வாங்கி வந்தீர்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே தின்றாள்.

பிறகு அந்தக் காய்ச்சல். ஒன்பது நாள். பிள்ளை இல்லாத வீட்டில் நானும் மதினியும் மட்டும் மிஞ்சினோம்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

நீங்கள் போன அடுத்த தை மாதம். ‘பொம்பளைகள் என்னத்த அச்சாபீஸ் நடத்தப்போறாளுக’ என்று யாரும் உள்ளே வரவில்லை. மிஷினை விலைக்குக் கேட்டு ஆள் வந்துவிட்டது. அப்போது அச்சன்புதூரிலிருந்து ஒருவர் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார். மதினியின் கண்ணில் ஒரு நம்பிக்கையைப் பார்த்தேன். உங்கள் கேள்வி என் தொண்டை வரைக்கும் வந்தது. நான் கேட்கவில்லை. மறந்து அல்ல அண்ணே. கேட்டால் தெரிந்துபோகும் என்றுதான் கேட்கவில்லை. பெண் பெயர் ஆவுடையம்மாள். அழகாகவே கோத்தேன்.

அந்த ஆடியில் குற்றாலத்து விடுதி ஒன்றுக்கு நோட்டீஸ் கொடுக்கப் போனேன். அருவியில் பெண்கள் பக்கம் ஒரு பிள்ளை தண்ணீருக்குள் ஓடுவதும் வெளியே வருவதுமாக விளையாடிக்கொண்டிருந்தாள். பத்து வயதுக்கு மேல் இருக்காது. காதைப் பொத்திக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

“அக்கா, காதுல தண்ணி போயிட்டு. எடுத்து விடுங்களேன்.”

தலையைச் சாய்த்துத் தட்டிவிட்டேன். சாய்த்தபோது சட்டைக்கு மேலே மஞ்சள் கயிறு வந்து விழுந்தது. ஈரத்தில் கனத்த புதுத் தாலி.

“ஏட்டி ஆவுடை, அங்கன என்ன பேச்சு?” என்று கரையிலிருந்து மாமியார் சத்தம் போட்டாள். “அச்சம்புதூர்க்காரிக்கு ஊரே கூட்டாளி.”

பிள்ளை ஓடிவிட்டாள். நான் அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் இந்த விரல்தான் எடுத்து வைத்தது. உங்களுக்காவது தெரியாத வயது. நான் தெரிந்து செய்தவள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மகராசியாக இருக்கட்டும். ஆனால் என் மனத்தை அதைச் சொல்லி ஆற்ற முடியவில்லை.

அதற்குப் பிறகு கேட்க ஆரம்பித்தேன். கேட்டால் எல்லோரும் “பதினஞ்சு” என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார்கள். சட்டம் வந்து இத்தனை வருஷத்தில் எல்லாப் பெண்ணுக்கும் பதினைந்து வயதாகிவிட்டது. அப்போதுதான் ஒன்று தோன்றிற்று. புரூஃப் காட்ட நானே பெண் வீட்டுக்குப் போனால் என்ன? பெண்ணின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பெண்ணிடமே கேட்க வேண்டும் என்று சொன்னால் என்ன?

சுலபமாகச் சொல்லிவிட்டேன். கல்யாண வீட்டுக்கு நான் எப்படிப் போவது? வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக, கையில் கல்யாணப் பத்திரிகையோடு. முதல் தடவை சுரண்டைக்குப் போனபோது பஸ்ஸை விட்டு இறங்கியும் அரை மணி நேரம் மரத்தடியிலேயே நின்றேன். பின்வாசல் வழியாகத்தான் போனேன். பெண்ணின் தாய் என்னைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

“நல்ல காரியம் நடக்க வீட்டுக்கு நீங்க எதுக்கு வந்தீக? ஆம்பளயாள அனுப்பியிருக்கலாம்லா?”

“ஆம்பள இல்ல தாயி. பேரு தப்பா வந்திரக்கூடாதுன்னு வந்தேன். பிள்ளைய ஒரு தடவ வாசிக்கச் சொல்லுங்க, போயிருதேன்.”

பிள்ளை வந்தாள். வேலம்மாள் என்று பெயர். என் தோள் உயரம் கூட இல்லை. காகிதத்தைக் கையில் வாங்கிச் சத்தமாக வாசித்தாள். தன் தாத்தா பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போனதை விரலால் தொட்டுக் காட்டினாள். நிஜமாகவே விட்டுப்போயிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. மறுபடியும் விளையாடப் போய்விட்டாள்.

தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “ஒங்களுக்கு எத்தன வயசுல?”

“ஒம்போதுல கல்யாணம். பன்னெண்டுல இப்படி.”

அவள் எழுந்து உள்ளே போனாள். ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து தந்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பெண்ணின் தகப்பனார் வந்தார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “பத்திரிகைய நிப்பாட்டிருங்க. மாப்பிள வீட்டுல நாலு வருஷம் பொறுத்துக்கிடுதாகளாம். வீட்டுக்காரி ஒரே அழுக, சோறு பொங்க மாட்டேங்கா” என்றார். அவர் போனதும் கோத்திருந்த எழுத்துகளைப் பிரித்து ஒவ்வொன்றாக அதன் அறையில் போட்டேன். பிரிக்கிற வேலை எனக்கு எப்போதும் பிடிக்காது. அன்று பாடிக்கொண்டே பிரித்தேன்.

எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. ஒரு வீட்டில் என் மேல் தண்ணீரை ஊற்றினார்கள். இரண்டு வீட்டார் பேசாமல் காகிதத்தை வாங்கிக்கொண்டு வேறு ஊரில் அடித்துவிட்டார்கள். ஆனால் வேலம்மாளைச் சேர்த்து மூன்று பிள்ளைகள் இன்னும் தகப்பன் வீட்டில் இருக்கிறார்கள். இன்னொரு செய்தி கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பத்திரிகை அடிக்கிற ஒரு வீட்டார் போன மாதம் கடையம் பக்கத்திலிருந்து நம்மைத் தேடி வந்தார்கள். “வயசு கேக்க ஆபீஸ்ல அடிச்சோம்னு சொன்னா ஒரு மதிப்பு” என்றார் பெண்ணின் அண்ணன். சாக்குத் தடுப்பையும் எடுத்துவிட்டேன், அண்ணே. இப்போது முன்பக்கம் நான்தான் நிற்கிறேன்.

நேற்று செங்கோட்டையிலிருந்து ஒருவர் வந்தார். பெண்ணுக்குப் பதினாறு என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நாளைக் காலை புரூஃப் கொண்டு போக வேண்டும். அந்தத் தண்ணீர் ஊற்றிய நாளிலிருந்து எனக்கு இந்தப் பயணம் என்றாலே பயம். அதைச் சொல்லாமல்தான் சேலையை மடித்துக்கொண்டிருந்தேன். மதினி வந்து தன் சேலை ஒன்றையும் பக்கத்தில் வைத்தாள்.

“எங்க போறீக?” என்றேன்.

“ஒங்கூடத்தான். ஒருத்தின்னா வெரட்டிருவாக. ரெண்டு பேரு நின்னா வாசல அடைக்கது செரமம்.”

அதனால் நாளைக் காலை வண்டியில் இரண்டு பேரும் போகிறோம். அந்தப் பிள்ளை எத்தனை உயரம் இருப்பாளோ, வீட்டார் எப்படிப்பட்டவர்களோ தெரியாது. ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். பெண்ணைக் கண்ணால் பார்க்காமல் இனி ஒரு கல்யாணப் பத்திரிகையும் இந்த மிஷினில் ஏறாது. இது என் கை இருக்கிற வரைக்கும். அதற்குப் பிறகு மதினி பார்த்துக்கொள்வாள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

இனி நீங்கள் தரையைப் பார்க்காமல் என்னைப் பெருமையாக, நேராகவே பார்க்கலாம்,

உங்கள் உடன்பிறந்தாள்
கோமதி