பந்தியில் ஊற்றிய சொட்டு மருந்து

ஞாயிறு, இரவு.

கண்ணாடி போட்ட பெண் வேண்டாமென்று கல்யாணத்துக்கு முன்பு சொன்னது என் கணவர்தான். அதற்காகவே, அவருக்குத் தெரிந்தே, கண்ணுக்கு லேசர் செய்துகொண்டேன். பார்வை தெளிந்தது. ஆனால் அன்றிலிருந்து கண் வறண்டு எரிகிறது. இருட்டினால் வண்டி விளக்குகள் சிதறித் தெரிகின்றன.

இன்று அயோத்தியாப்பட்டணத்தில் சொந்தக்காரர் வீட்டு விருந்து. எரிச்சல் தாங்காமல் பந்தியிலேயே சொட்டு மருந்து ஊற்றினேன்.

"ஏஞ்சாமி, கண்ணுல என்ன கோளாறு?" என்று பக்கத்து இலை அம்மா கேட்டார்.

மாமியார் முந்திக்கொண்டார். "நோவுக் கண்ண மறைச்சு எங்க தலையில கட்டிட்டாங்க."

நான் கணவரைப் பார்த்தேன்.

"ஆமாங்க, எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்றார், ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே.

திரும்பும்போது காரில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இனிமே நாலு பேர் முன்னால மருந்து ஊத்தாத. மானம் போகுது" என்றார்.

"சரிங்க" என்றேன். ஏன் சொன்னேன்?