உன்னிடம் சொல்லாத செம்புக் கம்பி

இன்று காலை அச்சங்குளத்திலிருந்து ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து என் கடையில் இறக்கினார்கள். மூடியைக் கழற்றியதும் கருகிய வைண்டிங் கம்பியின் நாற்றம் மூக்கில் ஏறியது. கொண்டுவந்தவர், "நல்லா ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, திடீர்னு போயிருச்சு" என்றார். எந்த மோட்டாரும் திடீரென்று போவதில்லை என்று உனக்குத் தெரியும். வெளியே வந்து நின்றுகொண்டேன். நீ போய் எட்டு வருஷமாகிறது.

நம் முதலாளியின் அச்சகம் கைச்சக்கரத்தை விட்டுக் கரண்டுக்கு மாறியபோது நாம் இருவரும் சேர்ந்துதான் சிவகாசிக்கு வேலைக்கு வந்தோம். நீ மெஷின் ஓட்டினாய். நான் எலக்ட்ரீசியன். எட்டு வருஷத்துக்கு முன் அந்தத் தீபாவளி சீசனில், வெடி லேபிள்களுக்கு வார்னிஷ் பூசும் உன் மெஷின் அடிக்கடி நின்றது. பேரிங் தேய்ந்து மோட்டார் திணறியது. அளவுக்கு மீறி இழுக்கும்போதெல்லாம் ஸ்டார்ட்டரில் இருந்த ரிலே சூடேறிக் கரண்டைத் துண்டித்தது. அதன் வேலையே அதுதான்.

"அது பாட்டுக்கு நிக்கட்டும்லே. பேரிங்க மாத்தாம அதுல கை வைக்காத" என்றாய்.

முதலாளி உன்னிடம் பேசவில்லை. என்னைக் கூப்பிட்டார். "லோடு நாளைக்கழிச்சுப் போகணும். மெஷின் நிக்கக் கூடாது. எப்படின்னு எனக்குத் தெரிய வேண்டாம்."

நீ சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ரிலேயின் இரண்டு முனைகளையும் செம்புக் கம்பியால் இணைத்துவிட்டேன். இனி மோட்டார் எவ்வளவு கொதித்தாலும் கரண்டு நிற்காது. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ மெஷினைத் தொட்டிருக்க மாட்டாய்.

மறுநாள் மத்தியானம் மோட்டார் புகைந்து தீப்பிடித்தது. நாங்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். நீ மெயின் சுவிட்சை அணைக்க உள்ளே ஓடினாய். வார்னிஷ் டின் பக்கத்தில்தான் இருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாய். உதடெல்லாம் வெந்திருந்தது.

"ரிலே ஏன்லே கட் ஆகல?"

"பழுதாயிருக்கும்" என்றேன். அதையும் நம்பிக்கொண்டுதான் போனாய்.

விசாரணையில், கம்பியை வைத்தது நீதான் என்றார் முதலாளி. அதை எழுதிய தாளுக்குக் கீழே நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உனக்கும் இருந்தார்கள்.

அந்த வாரமே உன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணே, அந்தக் கம்பிய அவுகளா வெச்சாக?"

"ஆமா தங்கச்சி."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அங்கிருந்து நேரே முதலாளி வீட்டுக்குப் போய், உன் தவறுக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அவரும் மன்னித்துவிட்டாராம். அவருடைய பெரிய மனசை ஊரே பேசியது.

இப்போது அவள் சாத்தூரில் ஒரு மிஷன் பள்ளியில் டீச்சர். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இரண்டு தடவை பள்ளிக்கூட வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். அப்பா எப்படிச் செத்தார் என்று உன் பையன் கேட்டால், நான் சொன்னதைத்தான் அவள் சொல்லியிருப்பாள்.

உனக்கு எழுதுவது சுலபம், நீ பதில் கேட்க மாட்டாய். அவளுக்கு ஒரு வரி எழுத இன்னும் எனக்குக் கை எழவில்லை.