சுக்கான் பிடித்தவனின் வாய்

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு, திரேஸ்புரத்திலிருந்து அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், டப்ளின் குளிரில் மூக்கு சிவக்காமல் நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். போனில் என்றால் என் வாய் கேலிக்கு ஓடிவிடும், அதனால்தான் எழுத்து. பிழையிருந்தால் சிரித்துக்கொள், ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டவன் நான்.

போன மாசம் நீ சொன்னாயே, கவர்ன் என்ற இங்கிலீஷ் சொல் முதலில் கிரேக்கர்கள் கப்பலில் சுக்கான் பிடிப்பதற்குச் சொன்னது, லத்தீன், பிரெஞ்சு என்று ஊர் சுற்றி வந்து நாட்டை ஆள்வதற்கு ஆயிற்று என்று. இன்ஜின் வேகத்தை அடக்கும் கவர்னரும் அந்தக் குடும்பம்தானாம், எனக்கு ஒரே பெருமை, படகில் வருகிற எல்லாரிடமும் அளந்தேன். வேம்பார் செல்வதுரை அண்ணாச்சி தன் மகனுக்கு உன்னைக் கேட்டபோதும் அதே தலைக்கனம், "நான் திருப்புத பக்கந்தான் எம்மக திரும்புவா" என்று சொல்லி, உன்னைக் கேட்காமலே உறுதி கொடுத்துவிட்டேன். அம்மா சொன்னதும் போனை வைத்தவள்தான் நீ, பிறகு எடுக்கவேயில்லை.

திங்கட்கிழமை கடலில் என்னோடு தொழிலுக்கு வரும் டேவிட்சன் படகின் முன்னால் நின்று கை காட்டினான். பின்னால் சுக்கான் பிடிக்கிறவனுக்கு எதிரே கிடக்கும் வலை தெரியாது, முன்னால் நிற்பவன் கையைப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும். நான் பேச்சு சுவாரசியத்தில் பார்க்கவில்லை, அடுத்தவர் வலை மேலேயே படகை ஏற்றிவிட்டேன். "ஓய் கவர்னரே, நான் என்ன காக்கா விரட்டவா கையத் தூக்குனேன்" என்றான். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன், ஆனால் கரையில் உட்கார்ந்து கிழிந்த அந்த வலையைப் பொத்தித் தைக்கும்போது என்னால் முகத்தைத் தூக்க முடியவில்லை. உன் கையையும் நான் பார்க்கவில்லையே தாயி. தன் கோபத்தையும் வாயையும் அடக்குவதற்கும் அதே சொல்தான் என்று சொல்லியிருந்தாய், அதை மட்டும் நான் யாரிடமும் அளக்கவில்லை.

நேற்று பஸ் ஏறி வேம்பார் போய் கொடுத்த உறுதியைத் திருப்பிக் கேட்டேன். "பிள்ளையக் கேக்காமலா வேய் வாக்கு கொடுத்தீரு" என்றார் அண்ணாச்சி, எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. மாப்பிள்ளைப் பையன்தான் வாசல்வரை வந்து, "நல்லதாப் போச்சு மாமா, என்னையும் யாரும் கேக்கல" என்று மெதுவாகச் சொல்லி அனுப்பினான்.

பனிமய மாதா உன்னைக் காப்பாள். காதை மூடிக் குல்லா போடு, சாப்பாட்டை விடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், ஒருமுறை எடு. நீ பேசு, நான் கேட்கிறேன், நடுவில் வாய் திறக்காமலிருக்க அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன்.

கை பார்க்கத் தவறிய உன் அப்பா,
ஜோன்ஸ்