மச்சான் பிடித்த கயிறு

மச்சான்,

நீ நேவி கேண்டீனில் வாங்கிக்கொடுத்த ஓட்டக் காலணிகளை இன்று காலை என் மகள், உன் மருமகள், வாசலில் கொண்டுவந்து வைத்தாள். பழைய சாமான் வாங்க வருகிறவரிடம் போட்டுவிடச் சொன்னாள். எடுத்துப் பார்த்தேன். உள்ளே இன்னும் கடற்கரை மணல். ரப்பர் வாடையும் உப்பு வாடையும் கலந்து மூக்கில் ஏறியது. வந்த கோபத்துக்குத் தெருவிலேயே வீசியிருப்பேன். வீசவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

உன் நினைவு வந்தால் எனக்குக் கண்ணீர் வரவேண்டும். வசவுதான் வருகிறது. கேட்டுக்கொள், உனக்கு அங்கே வேறு என்ன வேலை?

நான் சங்கு குளிக்கப் போன காலத்தில் நம்மிடம் ஒரு முறை இருந்தது. கடலுக்கு அடியில் இறங்குகிறவனின் கயிற்றை வள்ளத்தில் பிடித்திருப்பவன் அவனுடைய மச்சானாகத்தான் இருக்கவேண்டும். கூடப் பிறந்தவனைக்கூட நம்பமாட்டார்கள். சொத்துக்கு ஆசைப்பட்டுக் கயிற்றை விட்டாலும் விடுவானாம். மச்சான் விடமாட்டான். விட்டால் அவன் தங்கச்சி தாலியல்லவா போகும்! நீ நேவியில் இருந்தாலும் விடுப்பில் வந்துவிட்டால் என் கயிறு உன் கையில்தான். வள்ளத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால், "ஏலே, சும்மா கெட. கீழ எம் மாப்ள கெடக்கான்" என்று சீறுவாயாம். நான் கயிற்றை ஒருமுறை வெட்டி இழுத்தால் போதும், மேலே தூக்கிவிடுவாய்.

அந்தக் கையை நம்பித்தான் என் மகளையும் உன்னிடம் விட்டேன்.

மாமாவைப் போலக் கப்பலுக்குப் போவேன் என்று அவள் சொன்னபோது உனக்கு வாயெல்லாம் பல். தாய்மாமன் சரி என்றபிறகு தகப்பன் பேச்சு எடுபடுமா? விடுப்பில் வரும்போதெல்லாம் விடியுமுன் பீச் ரோட்டுக்குக் கூட்டிப்போவாய். "ஏளா, நத்தகூட ஒன்ன முந்திரும், ஓடு!" என்று நீ கத்துவது பாதி ஊருக்குக் கேட்கும். ஒருநாள் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றுவிட்டாள். "நெஞ்சு படபடங்குது மாமா" என்றாள். நீ ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாய். நெடுநேரம் விடவில்லை. உன் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். மருமகள்மேல் என்ன பாசம் என்று நினைத்தேன், மடையன்! "வெறும் வயித்துல ஓடுனா அப்படித்தான்" என்றாய். மறுநாளும் ஓடவிட்டாய்.

பிறகு நீ கப்பல் ஏணியில் ஏறும்போது விழுந்தாய். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். கொடி போர்த்திக் கொண்டுவந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் துப்பாக்கிகள் வெடித்தபோது ஆம்பிளை என்றும் பாராமல் வாய்விட்டு அழுதேன்.

சில மாதத்தில் அவளுக்கு நேவிப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. பெட்டி கட்டி வைத்திருந்த நேரத்தில் மில்லர்புரத்திலிருந்து உன் மனைவி வேகாத வெயிலில் வந்து நின்றாள்.

"அண்ணே, பிள்ளைய அனுப்பாதிய. அவுகளுக்கு இதயத் தச தடிச்சுப்போற வியாதி இருந்துச்சு. முன்ன லீவுல வந்தப்ப மயங்கி விழுந்தாக. வெளிய யாருக்கும் தெரியாம மதுரைல மரபணு டெஸ்ட் எடுத்தோம். வம்சத்துல வாரது, கூடப் பொறந்தவளும் அவ பிள்ளையும் பாத்துக்கிடணும்னு டாக்டர் சொன்னாரு. யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட மாதா மேல சத்தியம் வாங்கிட்டாக."

"ஏன்?" என்றேன்.

"கப்பல்ல தெரிஞ்சா கீழ எறக்கிருவாங்க, பொறவி நோயின்னு பென்ஷன்லயும் கைவைப்பாங்கன்னு பயம். தங்கச்சிட்ட சொன்னா மைக் வச்ச மாதிரின்னுவாக. பிள்ளைக்கு இருக்காது, இருக்காதுன்னே சொல்லிக்கிட்டு கெடந்தாக."

இருக்காதாமே! நீ என்ன டாக்டரா? ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். உன் தங்கச்சிக்கும் இருக்கிறது, உன் மருமகளுக்கும் இருக்கிறது. மாத்திரையோடு கவனமாக இருந்தால் நன்றாக வாழலாமாம். ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, பட்டாளம் கூடவே கூடாது. "இவ்வளவு நாள் எப்படிங்க ஓடவிட்டீங்க?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

கப்பலை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று நீ பயந்தது எனக்குப் புரிகிறது. அது உன் சோறு. அவர்களிடம் மறைத்தாய், சரி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்? கடலுக்கு அடியில் என் உயிரைப் பிடித்திருந்தவன், கரையில் என் பிள்ளையின் உயிரை வைத்துச் சூதாடிவிட்டாயே, பாவி!

இருப்பதை அப்படியே எழுதிக்கொடுத்து விலகிவிடு என்று அவளிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

"குடும்பத்துல யாருக்கு இருக்குன்னு கேப்பாங்கப்பா. மாமா பேரச் சொல்லணும். அத்தைக்குப் பென்ஷன் இன்னும் முடிவாகல்ல. பொறவி நோயின்னு கையவிரிச்சுட்டா அத்த எங்க போவா?"

பயிற்சியில் சேர விருப்பமில்லை என்று மட்டும் தெரிவித்துவிட்டாள். உன்னால் வாழ்வு கெட்ட பிள்ளை உன் வீட்டைக் காப்பாற்றுகிறாள், மச்சான். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது காலையில் அவளும் நானும் பீச் ரோட்டில் நடக்கிறோம். மெதுவாகத்தான். அவளோடு சேர்ந்து ஓடிய பிள்ளைகள் எங்களைத் தாண்டி ஓடுவார்கள். அவள் கடல் பக்கம் திரும்பிக்கொள்வாள். உன்னைப் பற்றி நான் ஒன்று சொன்னால் மட்டும், "விடுங்கப்பா" என்பாள்.

நேற்று டீக்கடை அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன, உம்ம மவ பயந்துட்டாளாமே? பொம்பளப்பிள்ளைக்கு இது சரிப்படாதுன்னு நான் அப்பமே சொன்னம்லா?" அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். உண்மை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஆமா அண்ணாச்சி, பயந்துட்டா" என்றேன்.

நீ கீழே கிடக்கிறாய். கயிறு என் கையில் இருக்கிறது, மச்சான். விட முடியவில்லை.