அதிகம் விற்ற தட்டுகள்: பத்து நிமிடப் பேச்சு

பெப்ரவரி 12, திங்கள்

மார்ச் 14, பங்கு மண்டபத்தில் முதியோர் கூட்டம். பேசுவதற்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பொருள்: பிரித்தானிய கிற்றார் இசைக்குழுக்கள். ஒழுங்கு:

1. அறுபதுகள். லிவர்பூல் பையன்கள், மூன்று கிற்றார், ஒரு ட்ரம்ஸ்.
2. யார் பெரியவர்? இசைத்தட்டு விற்பனைதான் ஒரே அளவு.
3. தொண்ணூறுகளில் அதே கிற்றார் திரும்பி வந்த கதை.
4. கேள்விகள் — வேண்டாம்.

ஏன் பெயர் கொடுத்தேன்? அக்னெஸின் அடக்கத்தன்று அரைப் பக்கம் வாசிக்க எழுந்தேன். முதல் வரியோடு கதிரையில் இருந்துவிட்டேன். நாற்பது வருடம் என்னோடு வாழ்ந்த மனைவிக்கு ஒரு வரி. இம்முறை முடியும்வரை நிற்பேன்.

பெப்ரவரி 15, வியாழன்

ஜான்-டலோன் மரக்கறிச் சந்தையில் நீக்கிலாப்பிள்ளையைக் கண்டேன். முதியோர் கூட்டத்தில் யாரையும் பேசி முடிக்க விடாத மனிதர்.

“என்ன மாஸ்டர், தவக்காலத்திலை கிற்றார் பாட்டோ? சுவாமிக்குத் தெரியுமோ?”

“ஓம், தெரியும்” என்றேன். பொய். பையைத் தூக்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய்ப் பங்குச் சுவாமியிடம் கேட்டேன். சிரித்தார், சம்மதித்தார். இப்போது தெரியும்.

பெப்ரவரி 26, திங்கள்

எண்கள் ஒத்துவரவில்லை. தட்டு வெளியிட்டவர்கள் சொல்லும் தொகை ஒன்று. அத்தாட்சி உள்ளது அதில் பாதிகூட இல்லை. அத்தாட்சி உள்ளதை மட்டும் சொல்வேன். அப்போது யாரும் என்னிடம் பிழை பிடிக்க முடியாது.

மார்ச் 9, சனி

மகள் பிரியந்தி ஆற்றுக்கு அக்கரையிலுள்ள புரோசார்ட்டிலிருந்து வந்தாள். வாசித்துக் காட்டினேன்.

“அப்பா, இலக்கம் இலக்கமாச் சொல்லுறியள். உங்களுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும்?”

அது குறிப்பில் இல்லை என்றேன்.

மார்ச் 13, புதன்

தொண்டை கட்டியிருக்கிறது. உண்மையாகவா, போகாமலிருக்கச் சாட்டா? எப்படியும் போவேன்.

மார்ச் 14, வியாழன்

போனேன். தாளை மேசையில் வைத்து வாசித்தேன். இரண்டாவது குறிப்பின் பாதியில் நீக்கிலாப்பிள்ளை எழும்பினார்.

“மாஸ்டர், எண்பத்திரண்டிலை நான் யாழ்ப்பாணத்திலை றெக்கோடிங் பார், கசெற்றிலை பாட்டு அடிச்சுக் குடுக்கிற கடை, வைச்சிருந்தனான். உங்கட லிவர்பூல் பெடியளின்ர தட்டு ஒண்டே ஒண்டு. அதிலையிருந்து முந்நூறு கசெற் அடிச்சுக் குடுத்தனான். உங்கட கணக்கிலை அது எங்கை?”

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. இரு, இருந்துவிடு என்றன கால்கள். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

ஐயோ, அந்தாள் சொல்லுறது சரிதானே! நானே வாழ்நாளில் ஒரு தட்டும் வாங்கினதில்லை. என்னட்டை இருந்ததும் அப்பிடி அடிச்ச கசெற்தான்.

அதையே வாய்விட்டுச் சொன்னேன். கலியாணம் முடித்த வருடம் அக்னெஸ்தான் பாட்டுப் பட்டியல் எழுதிக் கடையில் கொடுத்தாள் என்றேன்.

“என்னென்ன பாட்டு?” நீக்கிலாப்பிள்ளையின் குரல்தான். இப்போது பகிடி இல்லை.

பதினொரு பாட்டு. அவள் எழுதிய ஒழுங்கிலேயே சொன்னேன். எந்தப் பாட்டுக்குச் சோறு அடிப்பிடித்தது, எதற்கு அவள் சொல் தெரியாமல் ‘லா லா’ என்று பாடினாள் — எல்லாம். தாளைப் பார்க்கவில்லை.

இருபத்தாறு நிமிடம். மூன்றாவது குறிப்புக்குப் போகவே இல்லை. கேள்விகள் நிறைய வந்தன.

இரண்டாவது குறிப்பு பிழை. வெட்டிவிட்டேன்.