ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு குப்பி

12.8.91, திங்கள்

அப்பா தூங்குகிறார். தினமும் போல நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு வந்தேன். அடிக்கிறது.

போன மாதம் நர்ஸிங் ஹோமில் அது நின்றுபோனதைக் கதவோரமாக நின்று பார்த்தேன். டாக்டர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே "அட்ரினலின்!" என்று கத்தினார். மெர்சி சிஸ்டர் சின்னக் கண்ணாடிக் குப்பியின் கழுத்தைப் படக்கென்று ஒடித்து, ஊசியில் ஏற்றினார். மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. அப்புறம்தான் அப்பா திரும்பி வந்தார்.

வல்லக்கோட்டை முருகன்தான் காப்பாற்றினான் என்கிறாள் அம்மா. மருந்துதான் என்கிறேன் நான். அப்பா சிரிக்கிறார்: "ரெண்டு பேருக்கும் அன்னிக்கி ஒரே ஷிப்டு போல."

16.8.91, வெள்ளி

அப்பாவோடு செக்கப்புக்குப் போனேன். எமர்ஜென்சி ட்ரே மேசைமேல் இருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு அட்ரினலின் குப்பியை எடுத்துவிட்டேன்! பஞ்சு சுற்றி ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கும்போது நின்றுபோனால்? பஸ் வரும்வரை இதயம் காத்திருக்குமா?

17.8.91

குப்பி இருக்கிறது. ஊசி இல்லை. இருந்தாலும் போடத் தெரியாது. மடச்சி.

19.8.91, திங்கள்



சாயங்காலம் பக்கத்து வீட்டு தணிகாசலம் மாமாவுக்கு நெஞ்சு வலி. கம்பெனி வேனில் ஏற்றினார்கள். அதே நர்ஸிங் ஹோம். ஐயோ, ட்ரேல ஒண்ணு கம்மியா இருக்குமே, அவருக்கும் மூணு வேணும்னா என்ன பண்ணுவாங்க — அழுதுகொண்டே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. ஓடவும் கூடாதே. வாசலில் நின்று இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். தெரு முனையில் வேன் நின்றது. குப்பியோடு நாங்களும் ஏறிக்கொண்டோம்.

மெர்சி சிஸ்டர் இடுப்பில் கை வைத்தார். "நீதானாடி அது? அன்னிக்கே எண்ணிப் பாத்து வேற வெச்சிட்டேன். ட்ரேய காலியா வுட்டுட்டு நான் தூங்குவனா?"

குப்பியை வாங்கி விளக்கில் பார்த்தார். "எங்க கெடந்துச்சோ, இனிமே இத நம்ப முடியாது," என்று குப்பையில் போட்டார். "துடிக்கிற நெஞ்சுல இதப் போட்டிருந்தீன்னா? உங்கப்பனை நீயே அனுப்பியிருப்ப."

நான் அப்பா முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பாதான், "வுடுங்க சிஸ்டர். என் மேல ஆசப்பட்டு திருடியிருக்கா. இவங்கம்மா எனக்கோசரம் ஒரு வெங்காயம்கூடத் திருடினதில்ல," என்றார். சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தணிகாசலம் மாமாவுக்கு வெறும் வாயு. போண்டா.

21.8.91, புதன், காலை

நேற்று ராத்திரி எழுதவில்லை. படுத்ததும் தூங்கிவிட்டேன், விடிந்துதான் எழுந்தேன்.

டீ குடிக்கும்போது அப்பா மெதுவாகக் கேட்டார், "ராத்திரி ஏன் வரல?"

"எங்க, அப்பா?"

"காது வெச்சி கேக்க. நீ வந்துட்டுப் போனாத்தான கண்ணு எனக்குத் தூக்கம் வரும்? முழிச்சிகினே கெடந்தேன்."