ஜூலை மாதத்துத் தப்பு

ஓசூர்,
மே 17

அன்புள்ள சரசுவுக்கு,

வஜிஹா எழுதிக்கொள்வது. கல்லாவி வெயிலில் நீயும் உன் வீட்டாரும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. என் சுகத்தைக் கெடுத்தவர்கள் வரிசையில் போன வாரம் நீயும் சேர்ந்துகொண்டாய். அதனால்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். போனில் நான் கோபமாக ஆரம்பித்தால் நீ "சரி விடு வஜி" என்பாய், நானும் அசடு மாதிரி விட்டுவிடுவேன். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

ஜமீர் கடை எப்போதும்போல நடக்கிறது. சிப்காட்டில் எந்த மெஷின் கெட்டாலும் பேரிங்கும் பெல்ட்டும் இவரிடம்தான் வாங்க வருகிறார்கள். காலித் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டான், உயரத்தில் என் தோளுக்கு வந்துவிட்டான், புத்தியில்தான் இன்னும் வரவில்லை. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். மீதிச் செய்தி எல்லாம் மாதேஸ்வரி.

நீ கேட்டாய் என்றுதான் அவளுடைய விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். ஜவளகிரி ஆஞ்சப்பன் மகள். பதினொன்றாம் வகுப்பு, வேதியியல், முழு ஆண்டுத் தேர்வு, எழுபதுக்குப் பதினொன்று. தேறாதவள் என்று எழுதி எங்கள் பள்ளி டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டது. உங்கள் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை உன் பொறுப்பில் இருக்கிறதே, மறுபடி முதலிலிருந்து படிக்கட்டும், சேர்த்துக்கொள் என்று கேட்டேன். நீ தாளைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாய்? டைக்ரோமேட் அயனியில் குரோமியத்தின் ஆக்சிஜனேற்ற எண் ஏழு என்று எழுதியிருக்கிறாள், அயனியின் தலைமேல் இருக்கிற மின்சுமைகூடக் கண்ணில் படவில்லை, அடிப்படையே இல்லாத பெண்ணை சயின்ஸ் குரூப்பில் போட்டு எங்கள் ரிசல்ட்டைக் கெடுத்துக்கொள்ளவா என்றாய்.

சரசு, அந்த விடையை எழுதியவள் நான். அந்தத் தேர்வு நடக்கவே இல்லை.

நிதானமாகப் படி, முதலிலிருந்து சொல்கிறேன். நீ அரசு வேலை கிடைத்துப் போன பிறகு, போன வருஷம் ஜூனில், பதினொன்றாம் வகுப்புக்கு நான் ஒரு தேர்வுத் திட்டம் போட்டேன். நாம் இருவரும் லேபில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு போடுவோமே, அதே மாதிரி. எந்தப் பாடம் முடிந்ததும் எந்தத் தேர்வு, அதில் எளிய கேள்வி எத்தனை, யோசிக்க வைப்பது எத்தனை, செய்முறையை எப்போது தனியாகச் சோதிப்பது, திணறுகிறவர்களுக்கு மறுதேர்வு எப்போது என்று வருஷம் முழுவதற்கும். எனக்கே என்மேல் கொஞ்சம் கர்வம் வந்தது. ஜூலையில் முதல் பாடத் தேர்வு நடந்தது. அது ஒன்றுதான் நடந்தது.

ஆகஸ்டில் பதினொன்றாம் வகுப்புக்கு இனிப் பொதுத்தேர்வு இல்லை என்று அறிவிப்பு வந்ததல்லவா, மறுநாளே கோவிந்தப்பன் சார் எங்களைக் கூப்பிட்டார். பிரின்சிபால் நாற்காலிக்கு வந்ததிலிருந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை மூடிவிடுங்கள், இன்றிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் பாடம், இரண்டு வருஷமும் அதையே அரைத்தால் நூறு சதவீதம் நிச்சயம் என்றார். அணு அமைப்பே தெரியாத பிள்ளைகளுக்கு அணைவுச் சேர்மங்களை எப்படி நடத்துவது என்று கேட்டேன். "மனப்பாடம் பண்ணட்டும் மேடம், வாய் இருக்குதில்ல" என்றார்.

பிப்ரவரியில் இன்னொரு வேலை கொடுத்தார். யாராவது ஆய்வுக்கு வந்தால் பதினொன்றாம் வகுப்பு விடைத்தாள்களைக் காட்ட வேண்டுமே. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு மூன்றும் வைத்ததாகக் காகிதம் வேண்டும். பெயர்களையும் எதிரே மதிப்பெண்களையும் எழுதி ஒரு தாள் நீட்டினார். அந்தந்த மதிப்பெண்ணுக்குச் சரியாக வருகிற மாதிரி ஒவ்வொரு பிள்ளைக்கும் விடைகளைத் தப்போடு சேர்த்து நான் எழுதித் தர வேண்டும். பிள்ளைகள் அதைப் பார்த்துத் தங்கள் கையெழுத்தில் எழுதுவார்கள், நான் திருத்த வேண்டும். சிலருக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டதற்கு, எல்லோரும் அறுபது வாங்கினால் யார் நம்புவார்கள், சும்மா ரெக்கார்டுக்கு என்றார். நான் நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

தேர்வுத் திட்டம் போடுகிற ஆசிரியைக்கு எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கும் என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்? அந்தப் பாடம் நன்றாக உதவியது. அஜாஸுக்கு வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றாத தப்பு. வெங்கட் கார்பனுக்கு எப்போதும் ஐந்து பிணைப்பு போடுவான், அவனுக்கு அது. உட்கார்ந்து யோசித்து, ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துத் தைத்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், அதில் எனக்கு ஒரு சுவாரசியம்கூட இருந்தது. மாதேஸ்வரிக்கு என்ன போடுவது என்று பார்த்தேன். அவள் ஜூலைத் தேர்வில் டைக்ரோமேட்டின் மின்சுமையை மறந்து ஏழு என்று எழுதியது ஞாபகம் வந்தது. அதையே போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவள் லேபுக்கு வந்தாள். வீட்டில் தெலுங்கு, தமிழ்வழி அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு, இங்கே ஆங்கிலவழி. வாயைத் திறந்தால் பக்கத்தில் இருக்கிறதுகள் சிரிக்கும், அதனால் வகுப்பில் பேசவே மாட்டாள். தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, "மிஸ், நீங்க அவசரத்துல சிலது தப்பா எழுதிட்டீங்க போல, நான் சரி பண்ணி எழுதிட்டேன்" என்றாள். பார்த்தேன். குரோமியத்துக்கு ஆறு. மின்சுமையை எழுதி, வட்டம் போட்டு, கணக்கு முழுவதும் சுத்தமாக. கீழே இன்னும் நான்கைந்து விடைகளையும் திருத்தியிருந்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். வேன் ஜவளகிரி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும், அதில் புத்தகத்தைப் படிப்பேன் என்றாள். நாங்கள் மூடி வைத்த புத்தகம்!

ஜூலையில் செய்த தப்பை அவள் பிப்ரவரியிலும் செய்வாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். நடுவில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளக்கூடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பதினெட்டு வருஷமாக ஆசிரியை என்று சொல்லிக்கொள்கிறேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கோவிந்தப்பன் சாரிடம் ஓடினேன். இவளுக்கு மதிப்பெண்ணை மாற்றுங்கள் என்றேன். பட்டியல் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, தாளை மாற்றுங்கள் என்றார். கெஞ்சினேன், அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்து அவளிடம், நான் கொடுத்ததை அப்படியே எழுதும்மா என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "எங்கெங்க தப்பு பண்ணணும்னு பென்சில்ல குறிச்சுக் குடுங்க மிஸ், இல்லன்னா கை தன்னால சரியா எழுதிடுது" என்றாள். குறித்துக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். சிவப்பு மையால் நானே பதினொன்று போட்டேன்.

ஏப்ரல் கடைசியில்தான் புரிந்தது, அந்தப் பட்டியலில் குறைந்த மதிப்பெண் யாருக்கு, ஏன் என்று. அடுத்த வருஷம் பொதுத்தேர்வில் நூறு சதவீதத்துக்குக் குறுக்கே நிற்பார்கள் என்று சாருக்குத் தோன்றிய பிள்ளைகளை அந்தத் தாள்களைக் காட்டியே வெளியே அனுப்பினார். நேராகப் போய்க் கேட்டேன். மாதேஸ்வரி தாளை என் முன்னால் விரித்து வைத்து, "கையெழுத்து அந்தப் பொண்ணோடது, சிவப்பு மை உங்களோடது, இதுல நான் எங்க மேடம் இருக்கேன்" என்றார்.

இதைவிடக் கேவலம் ஒன்று பாக்கி இருக்கிறது, கேள். ஆஞ்சப்பன் ஒரு வார்ப்படக் கம்பெனியில் லோடிங் வேலை. ஷிப்ட் முடிந்து புழுதியோடு ஜமீர் கடைக்கே என்னைத் தேடி வந்தார். கையில் அந்தத் தாளின் நகல். என் மகள் உங்கள் பாடத்தில் இவ்வளவு மோசமா, என்னிடம் நன்றாகப் படிப்பதாகச் சொன்னாளே என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தேர்வே நடக்கவில்லை, தப்புகளை எழுதியது நான், உங்கள் மகள் அவற்றைத் திருத்தினவள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து கும்பிட்டார். "டீச்சரம்மா, எம் பொண்ணக் காப்பாத்தணும்னு உங்க மேல பழியப் போட்டுக்கிறீங்க. பெரிய மனசு. ஆனா பரீட்சையே வெக்கலன்னா இந்தப் பேப்பர் எங்கிருந்து வந்துச்சி? அவ எழுத்து எனக்குத் தெரியாதா?" என்றார். நான் எத்தனை தடவை சொன்னாலும் நம்பவில்லை. அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறேன். ஸ்டூலில் உட்கார்ந்து அவர் அழுததை ஜமீரும் பார்த்தார். அன்றிலிருந்து ஜமீர் என்னிடம் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

மாதேஸ்வரி இப்போது தளி பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பேக்கிங் ஷெட்டுக்குப் போகிறாள். பொய் சொன்னாள் என்று அப்பா அவளிடம் பேசுவதில்லையாம். அம்மா நஞ்சம்மாதான் எனக்குப் போன் செய்து இதைச் சொன்னாள். உங்கள் ஊரில் இருக்கிற கெம்பம்மா, ஆஞ்சப்பனின் அக்கா, தன் வீட்டில் இருந்து படிக்கட்டும் என்று பிடிவாதமாகக் கேட்டதால் அவர் அரை மனதோடு சரி என்றிருக்கிறார். அங்கேயும் இடம் இல்லை என்று வந்தால் அதோடு படிப்பு முடிந்தது, மறுபேச்சு கிடையாது. இதெல்லாம் தெரியாமல்தான் நீ ரிசல்ட்டைப் பற்றிப் பேசினாய். தெரியாமல் பேசினாய் என்பதற்காக என் கோபம் குறையவில்லை. ஒரு காகிதத்தைப் பார்த்து ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்ல உனக்கும் அரை நிமிஷம்தான் ஆனது.

கோவிந்தப்பன் சார் புது வருஷத்துக்கும் இந்த வேலையை என்னிடமே கொடுத்தார். தப்புகள் ரொம்ப இயல்பாக வந்திருந்தன என்று பாராட்டினார். முடியாது என்று சொல்லி வேலையை விட்டு வந்துவிட்டேன். உடனே என்னைப் பெரிய வீராங்கனை ஆக்கிவிடாதே. ஒரே வாரத்தில் வேறொரு பெண் வந்துவிட்டாள், எம்.எஸ்சி. முடித்த சின்னப் பெண், தேர்வுத் திட்டம் எப்படிப் போடுவது என்று என்னிடமே போன் செய்து கேட்டாள். அங்கேயே படித்துக்கொண்டிருந்த காலித்தையும் வேறு பள்ளியில் சேர்க்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை உங்கள் தலைமை ஆசிரியரிடம் காட்ட வேண்டும் என்றால் காட்டு. எங்கே கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்கிறேன். ஆஞ்சப்பன் நம்பாததை அவராவது நம்பட்டும்.

நேற்று மாதேஸ்வரி ஷெட்டிலிருந்து யாருடைய போனையோ வாங்கிப் பேசினாள். என்மேல் கோபமா என்று கேட்டேன். அவள் திருப்பி ஒன்றே ஒன்று கேட்டாள். "கல்லாவி ஸ்கூல்ல நெஜமாவே பரீட்சை வெப்பாங்களா மிஸ்?" என்றாள். வைப்பார்கள், அங்கே சரஸ்வதி மிஸ் இருக்கிறார் என்று உன்னைக் கேட்காமலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அவளைச் சேர்த்துக்கொள், சரசு. முதல் வாரமே ஒரு கேள்வித்தாளைக் கொடுத்துத் தனியாக உட்கார வை. தயவு காட்டாதே. தப்பு செய்தால் சிவப்பு மையில் சுழித்துவிடு, மதிப்பெண் குறைந்தால் குறையட்டும். அந்தத் தப்பாவது அவளுடையதாக இருக்கட்டும்.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் இறைவன் எல்லா நலனும் தரட்டும்.

உன்,
வஜிஹா